ஐடி கார்டைத் தின்ற ஆடு

2025 ஜூன் 9, திங்கள், மாலை 6.50

அண்ணன் மகள் நிலாவின் புத்தகங்கள் மொத்தம் ஏழு. இந்த மாதம் அவளாக எடுத்துத் திறந்தது ஒன்றுகூட இல்லை.

இன்று பர்மிஷன் போட்டுவிட்டு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஷாலின் மிஸ் வரச் சொல்லியிருந்தார். எல்கேஜி ஆரம்பித்து ஒரு வாரம்தான், அதற்குள் என்ன புகார் என்று எரிச்சலோடுதான் போனேன். புகார் இல்லை.

"போன வருஷம் ப்ரீகேஜில இவ புக்கு வெச்சிருக்கிற மூலைய விட்டு எழுந்துக்கவே மாட்டா சார். மத்த பசங்கள உக்கார வெச்சு கத வேற சொல்லுவா. இப்ப அந்தப் பக்கமே போறதில்ல. வூட்ல யாராவது கூட உக்காந்து படிக்கிறீங்களா?"

யாரும் இல்லை. அதுதான் பதில். அண்ணன் வசந்தகுமார் பிப்ரவரியில் போய்விட்டான். நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, வாலாஜாபாத் ரோட்டில், லாரி. அண்ணி கவிக்கு செல்போன் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. நான் மறைமலை நகர் ரூமைக் காலி செய்துவிட்டு வைப்பூரில் இந்த வீட்டு மாடிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்து என்ன செய்தேன்? இன்சூரன்ஸ் பேப்பருக்கு அலைந்தேன். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். கீழே ஒரு நாலு வயதுப் பிள்ளை இருக்கிறாள், அவளிடம் "சாப்டியா"வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கம்பெனியில் ஒரு குறை வந்தால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும். பைக் சர்வீஸில் இருந்ததால் பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் அதைத்தான் செய்தேன். ஏன் புத்தகத்தைத் தொடவில்லை? படிக்க வரவில்லை. ஏன் வரவில்லை? யாரும் ஒழுங்காக உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. இரண்டாவது 'ஏன்'னிலேயே கிடைத்துவிட்டது.

நாளையிலிருந்து தினமும் மாலை. பிரேக் பாகத்தில் தலைமுடி அளவுக்குப் பிசகு இருந்தாலும் பிடிக்கிறவன் நான். ஆறு பக்கப் புத்தகம் ஒரு விஷயமா?

ஜூன் 10, செவ்வாய்

அழுதாள். பாதியில் நிறுத்தினேன்.

ஜூன் 12, வியாழன்

இருப்பதிலேயே மெலிந்த புத்தகமாக எடுத்தேன். ஒரு ஆடு. பக்கத்துக்கு ஒரு படம், ஒரே ஒரு வரி. அட்டை கிழிந்து பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். இவள் கடித்ததா, எலியா, தெரியவில்லை.

இன்று அழவில்லை. புத்தகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் முதல் வரியைப் படித்தேன்: ஆடு காலையில் எழுந்தது. அவளே பக்கத்தைத் திருப்பினாள்.

"இது கம்பெனி பஸ்ஸு ஸ்டாப்பு."

"இல்ல, சந்தை. இங்க பாரு எழுதியிருக்கு. ஆடு சந்தைக்குப் போனது."

"ஆடு ஐடி கார்ட தின்னுடுச்சு."

"அது வாய்ல இருக்கிறது இலை, நிலா."

"இல்ல, ஐடி கார்டு! செக்யூரிட்டி உள்ள வுடல."

அடுத்த பக்கத்தில் காகம் கத்தியது என்று இருக்கிறது. இவள், காக்காதான் சூப்பர்வைசர் என்கிறாள். "லைனுக்கு வா, லைனுக்கு வான்னு கத்துது." கைகளை விரித்துக் கத்தியும் காட்டினாள். எங்கிருந்து பிடிக்கிறாளோ. டீவியாக இருக்கும், இல்லை அண்ணியின் போனாக இருக்கும்.

எழுத்தின் மேல் விரலை வைத்தேன். "எழுதி இருக்கிறதத்தான் படிக்கணும். விரலப் பாரு. சொல்லு. ஆடு, சந்தைக்கு, போனது."

அவள் விரலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப மெதுவாக, "ஆடு சந்தைக்குப் போனது" என்றாள்.

லைனில் புது ஆளுக்கு இதைத்தான் செய்கிறோம். தலைக்கு மேல் வேலை முறை எழுதிய ஷீட் தொங்கும். விரல் வைத்து வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். ஞாபகத்தில் செய்கிறேன் என்று கிளம்புகிறவன்தான் வாஷரைத் தலைகீழாகப் போடுவான். ஞாபகம் என்பதை நம்பக் கூடாது. ஷீட்டில் இருப்பதுதான் வேலை.

ஜூன் 14, சனி

கேன்டீனில் ஜெனிஸிடம் சொன்னேன். நாகர்கோவில்காரன், குவாலிட்டியில் எனக்குப் பக்கத்து மேஜை. சாம்பாரில் விரலை வைத்துக்கொண்டே சிரித்தான்.

"எடே, நாலு வயசுப் பிள்ளைக்கு ஆடிட் நடத்துதியா? கையெழுத்து எங்க வாங்குவ, டயப்பர்லயா?"

"அவ டயப்பர விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. உனக்குப் புள்ள இருக்கா? வாய மூடு."

"ஒனக்கும்தான் இல்ல மக்கா."

பேசத் தெரியாதவனிடம் பேசினது என் தப்பு.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று பக்கம். பஸ் ஸ்டாப் ஒரு தடவை வந்தது. திருத்தினேன். காக்கா சூப்பர்வைசர் இரண்டு தடவை. திருத்தினேன். அண்ணிக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட், வர பத்தரை மணி ஆகிறது. பக்கத்து வீட்டு அன்னபுஷ்பம் அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாப்பா எழிலு, புள்ளைய மிரட்டிக்கினு கீற?" என்றார். மிரட்டவில்லை. என் குரலே அப்படி.

ஜூன் 21, சனி

முடிந்தது. ஆறு பக்கமும். விரல் வைத்து, வரிசையாக, ஒரு சொல் பிசகாமல்.

ஆடு காலையில் எழுந்தது. ஆடு சந்தைக்குப் போனது. காகம் கத்தியது. மழை வந்தது. ஆடு மரத்தடியில் நின்றது. ஆடு வீட்டுக்கு வந்தது.

எழுத்தை இன்னும் அடையாளம் தெரியாது, மனப்பாடம்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் படம் எது, வரி எது என்று பொருத்துகிறாள். பஸ், ஐடி கார்டு, செக்யூரிட்டி எல்லாம் நின்றுவிட்டன. இன்று ஒரு விலகல்கூட இல்லை.

அண்ணன் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம். பத்தாவதோடு நின்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனவன். "உன் சித்தப்பன் ஒருத்தன்தான் இந்த வூட்ல இன்ஜினியரு" என்று இவளிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லுவான். டிப்ளமோதான்டா என்றால் கேட்கமாட்டான்.

ஜூன் 26, வியாழன்

இரண்டாவது புத்தகம் எடுத்தேன். "வேணாம்" என்றாள். ஜெம்ஸ் மிட்டாய் வாங்கி வந்து வரிக்கு ஒன்று என்றேன். மிட்டாய் தீர்ந்ததும் எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

நேற்றும் இன்றும் என் பைக் சத்தம் கேட்டதும் அன்னபுஷ்பம் அக்கா வீட்டுக்குள் ஓடிவிட்டாள். விளையாட்டு என்று நினைத்தேன். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து வரமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

எப்படி எழுதுவது. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அண்ணிக்கு இன்று லீவு. தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் பைக் செயினுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். நிலா அண்ணி மடியில். அண்ணி இன்று கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தார். பிப்ரவரிக்குப் பிறகு அப்படி நான் பார்த்ததில்லை. நிலாவின் வயிற்றில் விரலால் குத்தி, "ஏய், அந்த ஆட்டுக் கத சொல்லுடி. ரொம்ப நாளாச்சு" என்றார்.

எனக்குச் சந்தோஷம். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தேன்.

நிலா மடியிலிருந்து இறங்கி நேராக நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அது நான் சொல்லித் தரவில்லை, அவளாகவே செய்தது. ஆடு காலையில் எழுந்தது. ஆடு சந்தைக்குப் போனது. காகம் கத்தியது. ஆறு வரியும் சொல்லி முடித்தாள். புத்தகம் கையில் இல்லாமலே.

அண்ணி இன்னும் ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்லடி. ஐடி கார்ட தின்னுமே அது. அப்பா சொல்லுவாரே."

நிலா என்னைப் பார்த்தாள்.

"அது தப்பு மா."

"யாரு சொன்னா?"

"சித்தப்பா."

அண்ணி என் பக்கம் திரும்பினார். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்படி ஒன்றும் இல்லை அந்த முகத்தில். ஈர முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு எழுந்தார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்க எழில்" என்றார். உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மூடவில்லை.

ஜூலை 7, திங்கள்

எனக்கு எப்படித் தெரியும்? எவனாவது சொன்னீங்களா? நான் மறைமலை நகர்ல ரூம்ல கெடந்தேன், ஞாயித்துக்கிழம வந்து பிரியாணி தின்னுட்டுப் போயிடுவேன். அவன் அவளுக்கு இன்னா கத சொன்னான்னு நான் எங்க கண்டேன். புள்ள உளறுதுன்னு நெனச்சேன். டீவில பாத்ததுன்னு நெனச்சேன். பத்து நாளா அவன் பேசினதத்தான் தப்பு தப்புன்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன், அவன் பொண்ணுகிட்ட, அவன் வூட்ல உக்காந்துகினு.

கம்பெனியில் இன்று மூன்று பாகத்தை அளக்காமலே ஓகே போட்டேன். ஜெனிஸ் பிடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அண்ணியை பஸ் ஸ்டாப்பில் விடும்போது கேட்டேன். அண்ணன் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் சொல்லுவானா என்று.

"பாக்கவே மாட்டாரு. நானும் கேட்டிருக்கேன், இன்னாங்க, அதுல ஒண்ணு எழுதிக்கீது நீங்க ஒண்ணு சொல்றீங்கன்னு. 'எழுதினவருக்கு நம்ம பாப்பாவத் தெரியாதே கவி'ன்னுவாரு."

"முழுக் கதையும் உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"எங்க? நான் சமையக்கட்டுல இருப்பேன். செக்யூரிட்டின்னு காதுல வுழும், காக்கான்னு வுழும், ரெண்டும் சிரிக்கிற சத்தம் கேக்கும். தெனமும் கொஞ்சம் மாத்திச் சொல்லுவாரு. நானும் பொறுமையா ஒரு நாள் உக்காந்து கேட்டுக்கலாம், எங்க போவப் போவுதுன்னு இருந்துட்டேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, "நீ வேணும்னு செய்யல. தெரியும்" என்றார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

நிலாவிடமே கேட்டேன். குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்து.

"அப்பா சொல்ற ஆட்டுக் கதை சொல்லு நிலா."

"ஆடு காலையில் எழுந்தது."

"அது இல்லம்மா. பஸ் ஸ்டாப்பு வருமே."

"சந்தை." புத்தகத்தை இழுத்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். நான் வைக்கிற மாதிரியே, நகம் படும்படி.

"ஐடி கார்டு? செக்யூரிட்டி இன்னா சொன்னாரு?"

தலையை ஆட்டினாள். ஞாபகமில்லை என்கிறாளா, சொல்லமாட்டேன் என்கிறாளா. நான் விடாமல், சும்மா சொல்லு, எப்படி வேணா சொல்லு என்றேன். உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் சொன்னா தப்பாயிடும் சித்தப்பா. நீ படி."

ஜூலை 11, வெள்ளி

அண்ணி போனில் ஒரு வீடியோ இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் எடுத்தது. சமையலறை வாசலில் நின்று எடுத்திருக்கிறார். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். யூனிபார்ம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மடியில் நிலா. அவள் முகம் தெரியவில்லை, பின்னந்தலையும் ஒரு காதும்தான்.

நிலா கத்துகிறாள்: "அது எல இல்லப்பா, ஐடி கார்டு!"

அண்ணன்: "அய்யய்யோ! தின்னுடுச்சா? அப்பறம்?"

நிலா: "உள்ள வுட மாட்டாங்க!"

அண்ணன்: "ஆமா, செக்யூரிட்டி நிக்கிறாரே. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா?" —

குக்கர் விசில் வருகிறது. அவன் ஏதோ சொல்கிறான், நிலா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். விசில் அடங்கும்போது வீடியோ முடிந்துவிடுகிறது.

ஐடி கார்டு அவள் சொன்னது. அவன் சொன்னதுகூட இல்லை. அவன் 'அப்பறம்' என்றுதான் கேட்டிருக்கிறான்.

ஜூலை 12, சனி

வீடியோவை ஜெனிஸிடம் கொடுத்தேன். அவன் சர்ச்சில் மைக் செட் பார்க்கிறவன், சத்தம் பிரிக்கிற சாஃப்ட்வேர் வைத்திருக்கிறான். முழுக் கதையையும் அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மத்தியானம் முழுக்க ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தோம். விசிலை அறுத்தால் அண்ணன் குரலும் சேர்ந்து அறுந்துபோகிறது. அண்ணனை விட்டுவைத்தால் விசிலும் நிற்கிறது. சாயங்காலம் வரைக்கும் பார்த்தோம். விசிலையும் அண்ணனையும் பிரிக்க முடியவில்லை.

ஜெனிஸ் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"ஒண்ணு சொல்லுவேன், அடிக்கப்பிடாது. 'ஏன்' எழுதுறதுக்கு முன்னாடி லைனுக்குப் போயி நேர்ல பாக்கணும்னு புதுசா வாற பயலுவளுக்கு நீதான கிளாஸ் எடுக்க? நீ பஸ்சுல இருந்தே காரணம் எழுதிட்டியே மக்கா."

அடிக்கவில்லை.

அவள் புத்தகத்தைத் தொடாததற்குக் காரணம் படிக்க வராததா? கூட உட்கார்ந்து படித்தவன் வரவில்லை. இதை எழுத எனக்கு டிப்ளமோ வேண்டியதில்லை. திறந்தால் அவன் இருக்கமாட்டான் என்று மூடி வைத்திருந்தவளிடம் நான் போய்த் திறந்தேன். அவள் நம்பி வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு, ஜூன் பன்னிரண்டு, அவள் பஸ் ஸ்டாப் என்றபோது நான் "அப்பறம்?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். மொத்தமும் எனக்குச் சொல்லியிருப்பாள். செக்யூரிட்டி என்ன சொன்னார் என்பது உட்பட.

ஜூலை 15, செவ்வாய்

ஷாலின் மிஸ்ஸைப் பார்த்தேன். நிலா போன வருஷம் மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஆட்டுக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார்.

"கூட்டமா சிரிப்பாங்க சார். எனக்கு அந்த நேரத்துலதான் மத்த வேல எல்லாம் நடக்கும். நின்னு கேட்டதில்ல."

அவரும் கேட்கவில்லை. அண்ணி கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்குச் சிரிப்புதான் கேட்டிருக்கிறது. கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் வயது நாலு.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒரு மாசம் ஒண்ணும் சொல்லித் தராதீங்க சார். புக்க எடுத்து வெச்சிக்கினு சும்மா பக்கத்துல உக்காருங்க" என்றார்.

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

இதற்கு ஒரு மிஸ் வேண்டுமா என்று கோபம் வந்தது. கேட் வரை வந்த பிறகுதான், எனக்கு அது வராது என்பதால்தான் கோபம் என்று புரிந்தது. சும்மா உட்காருவதை எனக்கு யாரும் எங்கேயும் சொல்லித் தந்ததில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், காலையிலிருந்து ஸ்பீக்கர். அந்தச் சத்தத்தில் ஒரு தைரியம் வந்து, மிஸ் சொன்னதை மீறினேன். நானே அண்ணன் மாதிரி சொல்லிப் பார்த்தேன்.

"நிலா, இது கம்பெனி பஸ் ஸ்டாப்பு. ஆடு ஐடி கார்ட தின்னுடுச்சு."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்படித்தான் பின்னால் நகர்ந்தாள்.

"அப்படி எழுதல" என்றாள்.

அவ்வளவு சுத்தமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கே உள்ளே நுழைய வழி இல்லை.

கூழ் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

உட்கார்ந்தேன். அவள் வரவில்லை.

ஜூலை 23, புதன்

உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்து தரையில் வைத்தேன். அறைக்கு அந்தப் பக்கம் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை மாடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

ஜூலை 26, சனி

உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணி எழுப்பினார். நிலா பக்கத்து வீட்டில். நான் மட்டும், ஆட்டுப் புத்தகம் மட்டும்.

"நடுவுல உக்காந்தா முதுவு புடிச்சிக்கும். செவுத்துல சாஞ்சுக்கோ" என்றார். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அப்புறம், போகிற போக்கில், "அவருக்கும் மொதல்ல கத வராது எழில். இவ பொறந்த புதுசுல இவகிட்ட பேசவே வெக்கப்படுவாரு. இன்னா பேசறதுன்னு என்னிய கேப்பாரு" என்றார்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அண்ணியாக என்னிடம் பேச்சைத் தொடங்கியது இன்றுதான்.

ஜூலை 30, புதன்

இன்று கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியவில்லை. பைக் சத்தம் கேட்டும் வாசலில் நின்றாள். அவ்வளவுதான். இதை முன்னேற்றம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மழை. மத்தியானமே இருட்டிவிட்டது. அண்ணிக்கு ஓவர்டைம். கரண்ட் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், புத்தகம் காலுக்குப் பக்கத்தில் தரையில்.

நிலா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகத்தை இழுத்து, நடுவிலிருந்து திறந்தாள். ஐந்தாவது பக்கம், மரமும் ஆடும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். உள்ளங்கையை எழுத்தின் மேல் வைத்தாள். முழு வரியும் மறைகிற மாதிரி, விரல்களைச் சேர்த்து. கையை எடுக்காமல் படத்தை மட்டும் பார்த்தாள்.

"ஆட்டுக்கு வழி தெர்ல."

மரத்தடியில் நின்றது, மரத்தடியில் நின்றது என்று மண்டைக்குள் ஓடுகிறது. வாயைத் திறக்கவில்லை.

"வூட்டுக்கு வழி தெர்ல" என்றாள் மறுபடியும்.

"அப்பறம்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். விரல் வருகிறதா என்று பார்த்திருப்பாள். என் இரண்டு கையும் தொடைக்கு அடியில்.

"அப்பறம் இல்ல. நிக்கிது."

"சரி" என்றேன்.

இது அண்ணன் சொன்னதில் மிச்சமா, இன்றைக்கு அவளே சொன்னதா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அவன் சொன்ன கதை போய்விட்டது. அண்ணிக்கு இனி அது கிடைக்காது, நான்தான் அழித்தேன், திருத்தித் திருத்தி. அதை எந்த ஷீட்டிலும் சரி செய்ய முடியாது.

அடுத்த பக்கத்தில் ஆடு வீட்டுக்கு வந்துவிடும். அவள் திருப்பவில்லை. நானும் திருப்பவில்லை. மழை விடும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி செய்ய வேண்டியவை:

1. புத்தகங்கள் ஏழும் அலமாரியிலிருந்து கீழே வரும். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், தரையில். கிழிந்தால் கிழியட்டும்.

2. எழுத்தின் மேல் விரல் வைக்கமாட்டேன். அவள் கையால் மூடினால் மூடியபடி இருக்கட்டும். எழுத்து எங்கேயும் ஓடிவிடாது. பள்ளிக்கூடத்தில் ஷாலின் மிஸ் பார்த்துக்கொள்வார்.

3. 'தப்பு' என்கிற சொல் கம்பெனி கேட்டோடு சரி.

4. எந்தப் பக்கத்தில் திறக்கிறாளோ அதுதான் முதல் பக்கம்.

5. அண்ணன் மாதிரி சொல்லிப் பார்க்கமாட்டேன். அவன் கதையை அவளிடம் திரும்பக் கேட்கவும் மாட்டேன்.

6. அண்ணி ஓவர்டைம் முடிந்து வந்ததும் இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வழி தெரியவில்லை என்று நிலா சொன்னதை அப்படியே, ஒரு சொல்கூட மாற்றாமல்.

7. நாளைக்கும் உட்கார வேண்டும். அவள் வந்தாலும், வராவிட்டாலும்.